மானிட்டர் வாங்குமுன் மூன்று சுழி ‘ண’வைப் பாருங்கள்

காரைக்குடியில் அழைப்பிதழ் வடிவமைப்பதும், கண்டாங்கிச் சேலைகளின் படங்களை இணைய விற்பனைக்காகத் திருத்திக் கொடுப்பதும் என் தொழில். எட்டாயிரம் ரூபாய் மானிட்டர் போதுமா, நாற்பதாயிரம் ரூபாய் மானிட்டர் வேண்டுமா என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் திரையில் தெரியும் நிறத்தை நம்பி வேறு யாராவது பணம் கொடுக்கிறார்களா? கொடுக்கிறார்கள் என்றால் விலை கூடியதைப் பற்றிப் பேசலாம். கடைக் கணக்கு, ஜி.எஸ்.டி. பில், பிள்ளைகளின் பாடம் என்றால் மலிவானதே போதும். ஆனால் மலிவானவற்றிலும் நல்லதைப் பொறுக்கி எடுக்க வேண்டும்.

முதலில் எழுத்து. 24 அங்குலத் திரையில் 1920 × 1080 புள்ளிகள் (பிக்சல்கள்) இருந்தால் ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 92 புள்ளிகள் கிடைக்கும். அதே புள்ளிகளை 27 அங்குலத்தில் பரப்பினால் 82 ஆகக் குறைந்துவிடும். ஆங்கில எழுத்தில் இந்தக் குறைவு அவ்வளவாக உறைக்காது. தமிழில், மூன்று சுழி ‘ண’வையும் இரண்டு சுழி ‘ன’வையும் பிரிக்கும் அந்த ஒற்றைச் சுழி, சிறிய எழுத்தில் இரண்டு மூன்று புள்ளிகளுக்குள் அடங்கிப்போகிறது. பெரிய திரை என்ற ஆசையில் நான் முதலில் வாங்கியது 27 அங்குல ஃபுல் ஹெச்.டி. (1920 × 1080) திரை. முழுப் பக்கத்தையும் ஒருசேர வைத்துப் பிழை பார்த்ததில், ஓர் அழைப்பிதழில் ‘மணமகள்’ ‘மனமகள்’ ஆகியிருந்தது என் கண்ணுக்குத் தப்பிவிட்டது. ஐந்நூறு அழைப்பிதழ்களையும் என் செலவில் மறுபடி அச்சடித்துக் கொடுத்தேன். ஆகவே ஃபுல் ஹெச்.டி. என்றால் 24 அங்குலத்தோடு நின்றுவிடுங்கள். 27 அங்குலம் வேண்டுமென்றால் 2560 × 1440 இருக்கட்டும், அதில் அங்குலத்துக்கு 109 புள்ளிகள் வரும். அதே அளவு 4கே (3840 × 2160) திரையில் 163 வரும், எழுத்து அச்சிட்டதுபோல் நிற்கும். ஆனால் பழைய கணினியின் ஹெச்.டி.எம்.ஐ. 1.4 இணைப்பில் 4கே படம் நொடிக்கு 30 முறைதான் மாறும் என்பதால், மவுஸை நகர்த்தும்போதே இழுவை தெரியும்.

நிறத்தில்தான் விலையின் வேறுபாடு உண்மையாகவே தெரிகிறது. கண்டாங்கிக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வெளியூரில் இருப்பவர்கள் பலர் அதைப் படத்தில் பார்த்தே வாங்குகிறார்கள். மலிவு விலைத் திரைகள் சிலவற்றின் விவரத் தாளில் ‘45% என்.டி.எஸ்.சி.’ என்று இருக்கும்; திரை எவ்வளவு நிறங்களைக் காட்டும் என்பதன் அளவு அது. 72% இருந்தால்தான் அது இணையப் படங்களுக்கான எஸ்.ஆர்.ஜி.பி. நிற எல்லைக்கு ஏறத்தாழச் சமம். 45% திரையில் அரக்குச் சிவப்பு மங்கிப் பழுப்பாகத் தெரியும். சேலையைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, அதற்கு ஒத்துவரும்வரை படத்தின் சிவப்பைக் கூட்டிக்கொண்டே போவோம். வாங்குகிறவருடைய கைப்பேசியிலோ அதே படம் ரத்தச் சிவப்பாக எரியும், சேலை போய்ச் சேர்ந்ததும் ‘இது வேறு நிறம்’ என்று திரும்பி வரும். எனவே இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எஸ்.ஆர்.ஜி.பி. 99 அல்லது 100 விழுக்காடு என்றும், நிறப் பிழையின் அளவான டெல்டா ஈ 2-க்குக் கீழ் என்றும் குறிப்பிட்டுள்ள, பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அவ்வளவாக மாறாத ஐ.பி.எஸ். வகைத் திரையை வாங்குவது நல்லது. அதற்கும் மேலே போய் டி.சி.ஐ.-பி3 என்ற விரிந்த நிற எல்லை கொண்டதை வாங்குகிறவர்கள், மெனுவில் எஸ்.ஆர்.ஜி.பி. நிலை தனியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் கூடுதல் பணம் கொடுத்து, கடுகு மஞ்சளை மிட்டாய் மஞ்சளாகப் பார்த்த கதையாகிவிடும்.

நம் வட்டாரத்து வீடுகளில் வெளிச்சம் தனிச் சிக்கல். வீட்டு நடுவே வானம் பார்த்த முற்றமான வளவில் மேசையைப் போட்டு உட்கார்ந்தால் நண்பகல் வெயில் வானத்திலிருந்து நேராகவும், தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லில் பட்டு கீழிருந்தும் வரும். 250 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அலகு) வெளிச்சமுள்ள திரை அங்கே சாம்பல் பூத்துவிடும். இதற்காக 400 நிட்ஸ் திரை வாங்குவதைவிட மேசையை உள்ளறைக்கு மாற்றுவது செலவில்லாத வழி. முடியாதென்றால் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி திருப்பிப் போட்டு, பளபளப்பில்லாத மேற்பூச்சுள்ள திரையை வாங்குங்கள். வி.ஏ. வகைத் திரைகளில் கறுப்பு ஆழமாக இருக்கும் என்பது உண்மைதான், ஆனால் சற்றுப் பக்கவாட்டில் தள்ளி உட்கார்ந்து பார்த்தால் நிறம் வெளிறும்.

வளைந்த திரையும், நொடிக்கு 144 முறை படம் மாறும் 144 ஹெர்ட்ஸும், ஒளியையும் இருளையும் கூடுதலாகப் பிரித்துக் காட்டும் என்று பெட்டியில் வெறுமனே ஒட்டியிருக்கும் ஹெச்.டி.ஆர். வில்லையும் கணினியில் விளையாடுகிறவர்களுக்கோ கடைக்காரருக்கோ உதவலாம். கணக்கும் வடிவமைப்பும் செய்கிறவர் அவற்றுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. உயரத்தை ஏற்றி இறக்கும் தாங்கி மட்டும் காசுக்குத் தகும். மலிவுத் திரையில் அது இல்லாவிட்டாலும், பின்புறம் நான்கு துளைகளுள்ள வெசா (VESA) இணைப்பு இருந்தால் தனித் தாங்கியைப் பிறகு மாட்டிக்கொள்ளலாம். அந்தத் துளைகள்கூட இல்லாததை நான் வாங்கச் சொல்வதில்லை.

உத்தரவாத அட்டையில் எத்தனை ஆண்டு என்பதைவிட, பழுது பார்ப்பவர் வீட்டுக்கு வருவாரா என்பதைக் கேளுங்கள். வரமாட்டார் என்றால் மதுரைக்கோ திருச்சிக்கோ ஏறத்தாழ 90 கிலோமீட்டர் நீங்கள்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற வேண்டியிருக்கும், அதனால் தெர்மாகோலை எறிந்துவிடாதீர்கள். ஒளிராத புள்ளி எத்தனை இருந்தால் மாற்றித் தருவார்கள் என்பதையும் பில் போடுமுன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைக்குப் போகும்போது ஒரு பென் டிரைவில் மூன்று படங்களைக் கொண்டுபோங்கள்: முழுக் கறுப்பு, முழு வெள்ளை, உங்களிடம் உள்ள ஒரு சேலையின் படம். அந்தச் சேலையையும் பையில் எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்பில் ஓரங்களில் கசியும் வெளிச்சத்தையும், வெள்ளையில் மஞ்சள் படிந்த மூலையையும், அணைந்த புள்ளியையும் பார்த்த பிறகு, சேலையைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். கடைசியாக, எழுத்தின் அளவைப் பத்து பாயிண்ட் என வைத்து ‘கண்ணன் மணமகன்’ என்று தட்டச்சிட்டு, கை நீட்டும் தூரத்தில் உட்கார்ந்து சுழிகளை எண்ணுங்கள். எண்ண முடியாத திரையைக் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.