ஹார்ட்டாப் வாங்குவதற்கு முன்னால் கழற்றி எங்கே வைப்பீர்கள் என்று யோசித்தீர்களா?

கூரையைத் திறந்து மூடும் கன்வர்ட்டிபிள் கார் வாங்கிய கொஞ்ச நாளில் பலருக்கும் ஹார்ட்டாப் ஆசை, அதாவது துணிக்கூரையை மடித்துவிட்டு மேலே மாட்டும் கெட்டியான கூரை மேல் ஆசை, வந்துவிடுகிறது. மழை பெய்தால் துணிக்கூரை தடதடக்கும், வேகம் கூடினால் காற்று இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழாது, வெளியே நிறுத்திவிட்டு வந்தால் எவனாவது கூரையில் பிளேடு போட்டுவிடுவானோ என்று மனசு அடித்துக்கொள்ளும். அப்புறம் ஒரு நாள் அதே மாடல் ஹார்ட்டாப் போட்டுக்கொண்டு கூபே (நிலையான கூரை உள்ள இரண்டு கதவுக் கார்) மாதிரி அம்சமாக நிற்பதைப் பார்ப்போம். அவ்வளவுதான், அன்று ராத்திரியே தேட ஆரம்பித்துவிடுவோம்.

தேடுங்கள், தப்பில்லை. அதற்கு முன்னால் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு நீங்கள் கார் நிறுத்தும் இடத்துக்கு ஒரு நடை போய்வாருங்கள்.

நான் பேசுவது கழற்றி மாட்டும் ஒரே துண்டு கூரையைப் பற்றி. பட்டனை அழுத்தினால் மடிந்து டிக்கிக்குள் போகும் உலோகக் கூரை (1996-ல் வந்த மெர்சிடிஸ் எஸ்எல்கே போன்றவை) வேறு ஜாதி. அது எப்போதும் காரோடுதான் இருக்கும். இது அப்படியில்லை, கழற்றினால் வீட்டிலேயே விட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். வழியில் வானம் தெளிந்தால் திறக்கவும் முடியாது. சாஃப்ட்டாப் (துணிக்கூரை) உள்ள மாஸ்டா எம்எக்ஸ்-5-ல் சிக்னலில் நிற்கும்போதே கொக்கியை விடுவித்து, உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு கையால் கூரையைப் பின்னால் தள்ளிவிடலாம். ஹார்ட்டாப் போட்டுவிட்டால் அந்தச் சுகம் போச்சு. திறப்பதா மூடுவதா என்று நிமிஷத்துக்கு நிமிஷம் எடுத்த முடிவை இனி பருவத்துக்கு ஒருமுறை எடுக்கப்போகிறீர்கள். இதற்கு மனசு ஒத்துக்கொள்கிறதா என்பதுதான் கேள்வியே, மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஒத்துக்கொள்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு மாதம் கணக்கு வையுங்கள். மூடியே ஓட்டிய நாள், திறந்தே ஓட்டிய நாள், இரண்டும் கலந்த நாள். காலையில் மூடி, மாலையில் திறந்து என்று கலந்த நாட்கள்தான் நிறைய என்றால் ஹார்ட்டாப் உங்களுக்குச் சிறை, விட்டுவிடுங்கள். வருஷத்தில் மூன்று நான்கு மாதம் கூரையைத் திறக்கவே முடியாத குளிரோ மழையோ இருக்கிறது, அந்த மாதங்களிலும் இதே காரில்தான் தினம் போகிறீர்கள் என்றால் தாராளமாக மேலே படியுங்கள்.

சரி, இடம். கழற்றிய ஹார்ட்டாப் காரின் அகலத்துக்குக் கொஞ்சம்தான் குறையும், உள்ளே குழிவாக இருப்பதால் எதன் மேலும் அடுக்கவும் முடியாது. கூரை உள்ள கராஜ் என்றால் கப்பியும் பட்டையும் வைத்து மேலே தொங்கவிடலாம், காரை அடியில் நிறுத்திப் பட்டையை மாட்டி இழுத்தால் ஒரே ஆள் போதும். இல்லையென்றால் சக்கரம் வைத்த ஸ்டாண்ட். வெறும் தரையில் ரப்பர் விளிம்பு அழுந்தும்படி மாதக்கணக்கில் வைத்தால் ரப்பர் சப்பையாகிவிடும், அடுத்த முறை மாட்டும்போது அங்கேதான் தண்ணீர் வரும். திறந்தவெளியில் கார் நிறுத்துபவர்கள் இதைப் படித்துவிட்டுப் பெருமூச்சு விடுவது எனக்குக் கேட்கிறது, ஆனால் இடம் இல்லாமல் வாங்கியவர்கள் கடைசியில் அதைக் கழற்றுவதே இல்லை. அப்புறம் எதற்குக் கன்வர்ட்டிபிள்?

கப்பி இல்லாமல் கையால் தூக்க இரண்டு பேர் வேண்டும். எடை பெரிய விஷயமில்லை, ஹோண்டா எஸ்2000-இன் அலுமினியக் கூரை சுமார் 20 கிலோதான் (பழைய மெர்சிடிஸ் எஸ்எல் ஆர்129-இன் கூரை 30-ஐத் தாண்டும், அது வேறு). பிடிக்க வசமில்லாததுதான் சிக்கல். ஒரே ஒரு முறை தனியாக எடுக்கலாம் என்று நினைத்தேன். உள்ளே நின்று முன்பக்கத்தைத் தூக்கினேன், பின்விளிம்பு டிக்கிக்கு முன்னால் இருக்கும் தகட்டில் சறுக்கியது, ஒரு சாண் நீளத்துக்குக் கோடு. இன்னும் இருக்கிறது. முறையாகச் செய்வதென்றால் இரண்டு கண்ணாடியையும் முழுசாக இறக்கி, முன் கொக்கி, பக்கக் கொக்கி, பின் போல்ட் எல்லாம் கழற்றி, பின்கண்ணாடி ஹீட்டருக்குப் போகும் ஒயரை உருவிவிட்டு (இதைத்தான் எல்லோரும் மறப்பார்கள்), கதவுக்கு ஒருவராக நின்று நேராக மேலே தூக்கி, அப்படியே வால்பக்கமாக நடக்க வேண்டும். கூப்பிட்டவுடன் வரக்கூடிய இரண்டாவது ஆள் யார் என்பதையும் இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.

உண்மையில் உங்களுக்குத் தொல்லை தருவது எது என்று இன்னொரு முறை பாருங்கள். ஒழுகுகிறதா? கதவுக் கண்ணாடிக்கும் ரப்பருக்கும் நடுவே ஒரு காகிதத்துண்டை வைத்துக் கதவை மூடி இழுங்கள். வெண்ணெயில் கத்தி போல வந்தால் அந்த இடத்தில் ரப்பர் கவ்வவில்லை என்று அர்த்தம், ஒரு கை இடைவெளி விட்டு விட்டு முழு விளிம்பும் இப்படிச் சோதிக்கலாம். சீட்டுக்குப் பின்னால் இருக்கும் வடிகால் ஓட்டைகளில் இலை அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். முன்கண்ணாடித் தூணில் உள்ள ரப்பர் காரோடு இருப்பது, அது தேய்ந்திருந்தால் ஹார்ட்டாப் போட்டாலும் அதே தோளில்தான் சொட்டும். பின்பக்கம் மங்கலா? முதல் தலைமுறை எம்எக்ஸ்-5, தொடக்க கால எஸ்2000, 2002 வரையான போர்ஷே பாக்ஸ்ட்டர் இவற்றில் பின்னால் இருப்பது பிளாஸ்டிக், வருஷம் போகப் போக மஞ்சளாகும். அதற்குக் கண்ணாடி வைத்த புது சாஃப்ட்டாப்பே போதும், நல்ல ஹார்ட்டாப் கேட்கும் விலையை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள், பல பேருக்கு ஆசை அங்கேயே தணிந்துவிடும்.

இரைச்சல் உண்மையாகவே குறையும், குளிரும் குறையும், பின்னால் தெரிவதும் நன்றாகும். ஆனால் காற்றுச் சத்தம் அடங்கியதும் டயர் சத்தம் தலைதூக்கும், மேடுபள்ளத்தில் கொக்கி பக்கம் கிறீச் கிறீச் என்று புதுப் பாட்டு ஆரம்பிக்கும். ரப்பரில் சிலிக்கோன் கிரீஸ் தடவினால் பாதி அடங்கும். பாதுகாப்பு என்றால் பிளேடு பயம் போகும், அவ்வளவுதான், கண்ணாடியை உடைப்பவனுக்கு எந்தக் கூரையும் ஒன்றுதான்.

ரேஸ் டிராக்கில் ஓட்டுவதற்காக வாங்குகிறேன் என்பவர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். கார் கவிழ்ந்தால் ஹார்ட்டாப் உங்கள் தலையைக் காப்பாற்றாது. அதற்கு ரோல்பார்தான் (சீட்டுக்குப் பின்னால் பொருத்தும் வலுவான உலோக வளைவு), அந்த ரோல்பார் ஹார்ட்டாப்புக்கு அடியில் இடிக்காமல் அடங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும். சாதாரணக் கொக்கியில் நிற்கும் கூரையால் பாடியின் விறைப்பும் பெரிதாகக் கூடிவிடாது. சாஃப்ட்டாப்பை முழுசாகக் கழற்றிவிட்டால் ஹார்ட்டாப்பால் கூடிய எடை ஏறக்குறைய சரியாகிவிடும், ஆனால் ஹார்ட்டாப்பை வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்பிய அன்று மழை வந்தால் நனைய வேண்டியதுதான். மெர்சிடிஸே 1967-ல் பகோடா எஸ்எல் என்ற தன் திறந்த காரை அப்படி விற்றது, மடிப்புக்கூரை கிடையாது, ஹார்ட்டாப் மட்டும். பெயரே கலிஃபோர்னியா. மழை குறைவான ஊருக்குத்தான் இது என்று பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது.

இவ்வளவுக்கும் பிறகு வாங்குவதென்று முடிவானால், உங்கள் தலைமுறைக் காருக்குப் பொருந்துமா என்பதை முதலில் பாருங்கள். எம்எக்ஸ்-5-ல் முதல் இரண்டு தலைமுறைக்கும் (1989 முதல் 2005 வரை) ஒரே ஹார்ட்டாப் உட்காரும், மூன்றாவதற்கு உட்காராது. காசு கொடுக்கும் முன் உங்கள் காரிலேயே மாட்டிப் பார்த்துவிடுங்கள். பக்கத்துக் கொக்கி மாட்டும் தகடு, பின் போல்ட் எல்லாம் சேர்த்துக் கொடுக்கிறார்களா, போல்ட் ஓட்டையைச் சுற்றி விரிசல் இருக்கிறதா, ஹீட்டர் ஒயர் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே பெயின்ட் எண் என்றாலும் வெயிலில் வெளுத்த காரோடு நிறம் ஒத்துப்போகாது, அதனால் கறுப்பு எடுத்தால் பிரச்சினையே இல்லை என்பது என் கட்சி. கூரை மின்சாரத்தில் மடிகிற கார் என்றால், ஹார்ட்டாப் இருக்கும்போது யாராவது பட்டனை அழுத்தினாலும் சாஃப்ட்டாப் மேலே எழாதபடி வழி செய்திருக்கிறதா என்று கேளுங்கள்.

மாட்டுகிற அன்று சாஃப்ட்டாப் ஒரு சொட்டு ஈரமில்லாமல் காய்ந்திருக்க வேண்டும், ஏனென்றால் மாதக்கணக்கில் மடிந்தே கிடக்கப்போகிறது, ஈரம் இருந்தால் பூஞ்சை பிடிக்கும். பிளாஸ்டிக் ஜன்னல் என்றால் ஜிப்பைத் திறந்து தட்டையாகப் படுக்கவைத்து நடுவே பழைய துண்டு ஒன்றை விரியுங்கள். பருவம் முடிந்து ஹார்ட்டாப்பைக் கழற்றி சாஃப்ட்டாப்பை இழுத்தால் முதல் நாள் கொக்கி எட்டவே எட்டாது, துணி சுருங்கியிருக்கும். மல்லுக்கட்ட வேண்டாம். எட்டுகிற வரைக்கும் இழுத்துவைத்து வெயிலில் நிறுத்துங்கள், மத்தியானத்துக்கு மேல் வந்து பார்த்தால் துணி தானாக நெகிழ்ந்து கொடுக்கும்.