‘விலங்குப் பண்ணை’யைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜார்ஜ் ஆர்வெலின் ‘விலங்குப் பண்ணை’ (1945) சின்ன நாவல். பண்ணைக்காரரை விரட்டிவிட்டு விலங்குகளே பண்ணையை நடத்த, பன்றிகள் மெல்ல அதிகாரத்தைப் பிடித்துக்கொள்ளும் கதை; ரஷ்யப் புரட்சியின் உருவகம். ஒரே மூச்சில் படித்துவிடலாம். தவறாகப் புரிந்துகொள்வதும் அதே அளவு சுலபம்.

பலரும் முதலில் அட்டவணை போடுகிறார்கள்: நெப்போலியன் என்ற பன்றி ஸ்டாலின், அதற்குப் போட்டியான ஸ்னோபால் என்ற பன்றி ஸ்டாலினிடம் தோற்ற டிராட்ஸ்கி, பண்ணைக்காரர் ஜோன்ஸ் ஜார் மன்னர். அதுவரை சரி. எல்லா விலங்குக்கும் ஒரு பெயர் ஒட்டப் பார்த்தால்தான் இடிக்கும். லெனினுக்கென்று கதையில் தனிப் பாத்திரம் கிடையாது. கிழப்பன்றி மேஜரின் பேச்சில் மார்க்ஸ் தெரிகிறார்; அதே மேஜரின் மண்டையோட்டைக் கொடிக்கம்பத்தடியில் வைத்து விலங்குகள் பயபக்தியோடு வரிசையில் கடக்கும்போது, மாஸ்கோவில் பதப்படுத்தி வைத்த லெனினின் உடல் நினைவுக்கு வருகிறது. பாக்ஸர் என்ற குதிரையோ தனி ஆளே அல்ல, உழைக்கும் வர்க்கம்.

இதைவிடப் பெரிய தவறு, ஸ்னோபாலை நெப்போலியனின் நாய்கள் துரத்தும் கட்டத்தில்தான் புரட்சி கெட்டது என்று நினைப்பது. அது ஐந்தாம் அத்தியாயம். இரண்டாம் அத்தியாயத்தின் முடிவுக்குத் திரும்பிப் போங்கள். ஜோன்ஸை விரட்டிய கையோடு பசுக்களைக் கறக்கிறார்கள். ஐந்து வாளி நுரை ததும்பும் பால். இதை என்ன செய்வது என்று கேள்வி எழுகிறது. நெப்போலியன் வாளிகளுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டு, பாலைப் பற்றிக் கவலை வேண்டாம், அறுவடைக்குப் போங்கள் என்கிறது. மாலையில் திரும்பி வந்தால் பால் இல்லை. அடுத்த அத்தியாயத்தில்தான் அது பன்றிகளின் தீவனத்தில் கலந்தது தெரிகிறது. உதிர்ந்த ஆப்பிள்களும் அவற்றுக்கே. எதிலும் ஒத்துப்போகாத ஸ்னோபாலும் நெப்போலியனும் இதில் மட்டும் ஒரே கட்சி!

திருப்புமுனை இதுதான் என்று 1946 டிசம்பரில் ஒரு கடிதத்தில் ஆர்வெலே எழுதினார். பக்கத்திலேயே கிரான்ஸ்டாட் என்றும் குறித்தார். 1921இல் அந்த ரஷ்யக் கடற்படைத் தளத்தின் மாலுமிகள் சோவியத்துகள் எனப்பட்ட மக்கள் மன்றங்களுக்குச் சுதந்திரமான தேர்தல் கேட்டார்கள். புரட்சி அரசே படை அனுப்பி அடக்கியது. அப்போது ராணுவத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் டிராட்ஸ்கி. ஸ்னோபால் ஜெயித்திருந்தால் பண்ணை பிழைத்திருக்கும் என்று சொல்பவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

விலங்குகளின் சட்டமாகச் சுவரில் எழுதிவைத்த ஏழு கட்டளைகளை மேலோட்டமாகப் படிப்பதும் தவறு. அவை மாறும் இடங்களைப் பழைய வாசகத்தோடு சொல்லுக்குச் சொல் ஒப்பிட வேண்டும். கட்டிலில் படுக்கக் கூடாது என்பது விரிப்புள்ள கட்டிலில் படுக்கக் கூடாது என்றாகிறது. குடிக்கக் கூடாது என்பது அளவுக்கு மீறிக் குடிக்கக் கூடாது என்று. ஆங்கிலத்தில் இந்தச் சேர்க்கைகள் வாக்கியத்தின் கடைசியில் வருகின்றன. பழைய எழுத்தை அழிக்காமலே சுவரில் ஒட்டவைத்துவிடலாம். தமிழில் அவை நடுவில் நுழைவதால் மோசடியின் எளிமை கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. இரவில் உடைந்த ஏணி, கவிழ்ந்த வெள்ளைப் பெயின்ட் டப்பா, பக்கத்தில் விழுந்து கிடக்கும் ஸ்குவீலர் (நெப்போலியனுக்காகப் பேசும் பன்றி) என்று வரும் காட்சியின் முழுப் பொருள் இந்த ஒப்பீட்டில்தான் விளங்கும்.

சமத்துவமே வீண் கனவு என்று நாவல் சொல்வதாக எடுத்துக்கொள்வதும் பொருந்தாது. ஆர்வெல் ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் பாசிசத்துக்கு எதிராகப் போரிட்டு, 1937இல் தொண்டையில் குண்டடி பட்டவர். ஜனநாயக சோசலிசத்துக்காகவே எழுதுவதாக 1946இல் வெளிப்படையாகச் சொன்னவர். ஜோன்ஸின் ஆட்சியையும் அவர் எங்கும் நல்லதாகக் காட்டவில்லை.

முடிவைப் பற்றியும் ஒரு குழப்பம் உண்டு. பன்றிகளுக்கு எதிராக விலங்குகள் மறுபடி கிளர்ந்தெழுவது 1954இல் வந்த கார்ட்டூன் படத்தில்; அதற்கு மறைமுகமாகப் பணம் கொடுத்தது அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏ. நாவலில் அப்படி எதுவும் நடப்பதில்லை. பன்றிகளும் மனிதர்களும் கூடிக் குடித்துச் சீட்டாடுகிறார்கள். பலர் அதைச் சமரசம் என்று எழுதிவிடுகிறார்கள். ஸ்டாலின், சர்ச்சில், ரூஸ்வெல்ட் மூவரும் கைகுலுக்கிய 1943 டெஹ்ரான் மாநாட்டை மனத்தில் வைத்து, அந்த நட்பு நிலைக்காது என்று காட்டவே ஆர்வெல் அந்தக் காட்சியை எழுதினார். அதனால்தான் நெப்போலியனும் பக்கத்துப் பண்ணைக்காரர் பில்கிங்டனும் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு ஸ்பேட் ஏஸை இறக்க, மேசையில் சண்டை வெடிக்கிறது.