காட்டுப் பெர்ரி ஜாம்: புளிப்பைக் கண்டு பயப்படுவதில் தொடங்கும் தவறுகள்

காட்டுப் பெர்ரியில் ஜாம் செய்பவர்கள் பலர், புளிப்பை ஒரு குறையாகவே பார்க்கிறார்கள். நன்கு கனிந்தவற்றை மட்டும் பொறுக்கி, செங்காய்களை ஒதுக்கிவிடுகிறார்கள். ஜாமை உறைய வைக்கும் பெக்டின், பழம் கனியக் கனியக் குறையும். அதனால் நாலில் ஒரு பங்கு சற்றே செங்காயாக இருப்பது நல்லது. புளிப்பும் வேண்டும், அமிலம் போதாவிட்டால் பெக்டின் பிணையாது, ஜாம் தண்ணீராகவே நிற்கும்.

புளிக்குமே என்று சர்க்கரையை அள்ளிக் கொட்டினால், ஆறியதும் கற்கண்டு கட்டும். பாதியாகக் குறைத்தால் உறையாது, பூஞ்சையும் சீக்கிரம் பிடிக்கும். பழமும் சர்க்கரையும் சம எடை என்று தொடங்குங்கள். அளவைவிட நேரம் முக்கியம்: தோல் வேகும் முன்பே சர்க்கரை சேர்ந்தால் தோல் விறைத்துப்போகும், பிறகு எவ்வளவு கொதித்தாலும் பல்லில் தட்டும். முதலில் கொஞ்சம் தண்ணீரில் பழத்தைக் குழைய வேகவிடுங்கள். சர்க்கரை முழுதும் கரைந்த பிறகே தீயைக் கூட்டுங்கள்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, கெட்டியாகும்வரை அடுப்பிலேயே வைத்துக் கிண்டுவது. சூடாக இருக்கும்போது ஜாம் இளகலாகத்தான் இருக்கும், ஆறும்போதுதான் உறையும். அளவுக்கு மீறிக் கொதித்தால் பெக்டின் சிதையும், நிறம் கறுக்கும், காட்டுப் பழத்துக்கே உரிய அந்த வாசனை போய்ப் பாகு வாசம் மட்டும் மிஞ்சும். கடல் மட்டத்தில் சரியான பதம் 104 முதல் 105 டிகிரி செல்சியஸ். மலைப்பகுதியில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிப்பதால், அங்கே தண்ணீர் கொதிக்கும் வெப்பத்தோடு 4 அல்லது 5 டிகிரி கூட்டிக்கொள்ளுங்கள். வெப்பமானி இல்லாவிட்டால், ஃப்ரீசரில் குளிர வைத்த தட்டில் ஒரு சொட்டு விட்டு, ஒரு நிமிடம் கழித்து விரலால் தள்ளுங்கள். மேலே சுருக்கம் விழுந்தால் பதம் வந்துவிட்டது. சோதிக்கும்போது அடுப்பை அணைக்க மறக்காதீர்கள். அந்த ஒரு நிமிடத்திலேயே பதம் தாண்டிவிடும்.

ஒரே ஈடாக நிறையச் செய்ய ஆசைப்பட்டால் கொதி நேரம் நீண்டு, மறுபடி அதே கெடுதல்தான். அகலமான எவர்சில்வர் பாத்திரத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கே செய்யுங்கள். அலுமினியம் வேண்டாம், அமிலம் அதை அரிக்கும்.

ஜாடிகளைக் கொதிநீரில் 10 நிமிடம் வைத்து எடுத்து, சூடு ஆறுமுன் சூடான ஜாமை ஊற்றி மூடுங்கள். மெழுகு ஊற்றி மூடும் பழைய முறை பாதுகாப்பானதல்ல. பூஞ்சை வந்துவிட்டால் மேலே வழித்துப் போட்டுவிட்டு மிச்சத்தைச் சாப்பிடாதீர்கள்; முழுவதையும் கொட்டிவிடுங்கள்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய தவறு, அடையாளம் உறுதியாகத் தெரியாத பழத்தைப் பறிப்பது. பறவை தின்கிறதே என்பதும், இனிக்கிறதே என்பதும் சான்றாகாது. கொடிய நஞ்சுள்ள பெல்லடோனாவின் பழமும் இனிக்கும். செங்காய்க் கணக்கும் எல்லாப் பழத்துக்கும் பொருந்தாது. எல்டர்பெர்ரியின் காயிலும் காம்பிலும் நஞ்சு உண்டு. அதில் முழுதும் கனிந்தவற்றையே காம்பு நீக்கி எடுத்து, நன்றாக வேகவைக்க வேண்டும்.