பக்கற்றைப் பாக்கிறதுக்கு முதல் தாய்ச்செடியைப் பாருங்கோ

புரட்டாதி பிறந்தால் காணும், மழைக்கு முதல் வளவுக்குள்ள ரெண்டு கத்தரி, நாலு மிளகாய், பந்தலுக்கு ஒரு பாகல் போடவேணும் எண்டு எல்லாருக்கும் ஆசை வந்திடும், உடன கடைக்குப் போய் வடிவான படம் போட்ட விதைப் பக்கற்றாப் பாத்து வாங்கிக்கொண்டு வந்திடுவினம். நானும் கன வருசம் அப்பிடித்தான் வாங்கினனான். இப்ப வாங்கிறது குறைவு, ஏனெண்டு சொல்லுறன்.

முதல்ல ஒண்டு, மருந்து பூசின விதை வேற, ரெண்டு இனத்தைக் கலந்து எடுக்கிற ஹைபிரிட் விதை வேற, கனபேர் ரெண்டையும் போட்டுக் குழப்பினம். திராம், கப்டான் மாதிரி பங்கசு மருந்து பூசின விதையள் அனேகமா றோஸ், நீலம், பச்சை எண்டு ஒரு கலரில இருக்கும். அது விதையின்ர சொந்த நிறமில்லை, ஆரும் தெரியாமல் சாப்பிட்டிடக் கூடாதெண்டு சேர்க்கிற சாயம். கழுவினால் போயிடும் எண்டு நினையாதேங்கோ, சின்னப் பிள்ளையளும் கோழியளும் ஓடித்திரியிற வளவுக்குள்ள அதைக் கொண்டுவராமல் விடுறதுதான் நல்லது. அதுக்காக கலர் இல்லாத விதை எல்லாம் மருந்தில்லாதது எண்டும் இல்லை, பக்கற்றின்ர பின்பக்கத்தில இருக்கிற சின்ன எழுத்தை ஒருக்கா வாசியுங்கோ, பொதி செய்த திகதியையும் பாருங்கோ.

ஹைபிரிட் எண்டால் பக்கற்றில எஃப்1 எண்டு போட்டிருக்கும். அதில மருந்து இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பிரச்சினை என்னெண்டால் முதல் தரம் நல்லாக் காய்க்கும், அதில விதை எடுத்து அடுத்த வருசம் போட்டால் ஒரு செடி ஒரு மாதிரி, மற்றது வேற மாதிரி வரும். விதை எடுத்து வைச்சு வருசா வருசம் போடவேணும் எண்டு நினைக்கிற ஆக்களுக்கு அது சரிவராது. எங்கட யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பேரிலயே விவசாயத் திணைக்களத்தின்ர இனங்கள் இருக்கு, திருநெல்வேலி ஊதா கத்தரி, திருநெல்வேலி வெள்ளைப் பாகல் எண்டு. மிளகாயில எம்ஐ 2, தக்காளியில திலின. இதுகள் ஹைபிரிட் இல்லை, விதை எடுத்துத் திருப்பிப் போடலாம். ஆனா இதுகளிலயும் மருந்து பூசியிருக்கோ எண்டு பாத்துத்தான் வாங்கவேணும்.

எல்லாத்தையும் விட நல்லது பக்கத்து வீட்டு அன்ரியிட்டயோ தோட்டம் செய்யிற மாமாவிட்டயோ கேட்டு வாங்கிறதுதான், ஏனெண்டால் நீங்கள் தாய்ச்செடியைக் கண்ணால பாக்கலாம். இலை சுருண்டதோ, மஞ்சளும் பச்சையுமாத் திட்டுத்திட்டா இருக்கிறதோ வேண்டாம், அது வைரஸ் நோயா இருக்கலாம், பயித்தையில அந்த வைரஸ் விதைக்குள்ளாலயே அடுத்த கண்டுக்கு வந்திடும். நல்லாக் காய்ச்ச, வெய்யிலுக்கும் நிண்டு பிடிச்ச மூண்டு நாலு செடியில ஒவ்வொரு காயை முத்த விடச்சொல்லிக் கேளுங்கோ, ஒரு செடியில மட்டும் எடுக்கவேண்டாம். கத்தரி மஞ்சளடிக்க வேணும், பாகல் பழுத்து வெடிக்கிற பருவம், பயித்தங்காய் காய்ஞ்சு ஆட்டினால் கிலுகிலுக்க வேணும். கறிக்குப் பிடுங்கிற பருவத்துக் காயில எடுத்த விதை முளைக்காது. தக்காளி எண்டால் விதையை வழுவழுப்போட ஒரு போத்தலில ரெண்டு மூண்டு நாள் புளிக்க விட்டுக் கழுவி நிழலில காயவிடுங்கோ.

பூசணியில மட்டும் கவனம். எங்கட வளவில நல்ல இனிப்புப் பூசணி ஒண்டு நிண்டது, அதின்ர விதையைப் போட்டன், அடுத்த முறை வந்தது தண்ணிப் பதமா, ஒரு ருசியும் இல்லாமல். பக்கத்து வளவில வேற இனப் பூசணி நிண்டது எனக்குப் பிறகுதான் தெரிஞ்சது, தேனீக்கு வேலியோ மதிலோ தெரியுமே? இப்ப நான் பின்னேரமே, அடுத்த நாள் விரியப்போற ஆண் பூவையும், அடியில சின்னப் பிஞ்சு இருக்கிற பெண் பூவையும் நூலால மெல்லக் கட்டி விட்டிட்டு, விடியக்காலமை அவிட்டு ஆண் பூவைப் பெண் பூவில தடவிப்போட்டுப் பெண் பூவைத் திரும்பக் கட்டிவிடுவன். பிஞ்சுக் காம்பில ஒரு கலர் நூல் கட்டினால் எந்தக் காய் எண்டு மறக்காது. நீத்துப்பூசணி பக்கத்தில நிண்டால் பயமில்லை, அது இதோட கலக்காது.

எங்க வாங்கினாலும் முழுசாப் போடமுதல் பத்து விதையை ஈரத் துணியில சுத்தி வையுங்கோ. பயித்தை, வெண்டி ஒரு கிழமைக்குள்ள முளைச்சிடும், கத்தரிக்கும் மிளகாய்க்கும் ரெண்டு கிழமை விடுங்கோ. எட்டுக்கு மேல முளைச்சால் நல்ல விதை, அஞ்செண்டால் இரட்டிப்பாப் போடுங்கோ, அதுக்கும் கீழ எண்டால் வேற இடத்தில கேளுங்கோ.

மிச்ச விதையை நல்லாக் காயவிட்டு, ஆறின அடுப்புச் சாம்பலோட கண்ணாடிப் போத்தலில போட்டு இறுக்கி மூடுங்கோ, கார்த்திகை மாரிக் குளிருக்கு விதை ஈரம் இழுத்திடும். பிரிட்ஜில வைச்சால் இன்னும் நல்லம். பேரையும் வருசத்தையும் எழுதி ஒட்ட மறக்காதேங்கோ.

இன்னொண்டு, மருந்தில்லாத விதைக்கு நாற்றுமேடையில பாதுகாப்பு நாங்கள்தான் குடுக்கவேணும். மேடையைக் கொஞ்சம் உயத்தி, ஐதா விதைச்சு, அடைமழைக்கு மேல கிடுகால ஒரு சின்னக் கூரை போட்டு, தண்ணியைக் காலமையில மட்டும் விடுங்கோ. பின்னேரம் விட்ட தண்ணி இரவு முழுக்க நிண்டால் கண்டு அடித்தண்டில அழுகி விழுந்திடும்.