நடுப்பலகையை வரையறைக்குத் தாரைவார்க்காதீர்கள்

எழுத்துப்பிழை கூடாது, தாளைக் கோணலாக ஒட்டக் கூடாது என்பதெல்லாம் யாரும் சொல்லாமலே தெரியும். அறிவியல் கண்காட்சிக்கு முதல்முறை பலகை செய்பவர்கள் சறுக்குவது வேறு இடங்களில். அவற்றில் ஒன்று, மாதக்கணக்கில் உழைத்துச் செய்த சோதனையையே கண்ணில் படாமல் செய்துவிடுகிறது. முதலில் அதைப் பார்ப்போம்.

முடிவுகள் மூலைக்குப் போவது

மூன்று மடிப்புப் பலகையின் வழக்கமான அளவு 48 அங்குல அகலம், 36 அங்குல உயரம். நடுப்பகுதி 24 அங்குலம், இரு சிறகுகளும் தலா 12. ஆக, பாதி இடம் நடுவில்தான். எதிரே வந்து நிற்பவரின் பார்வை முதலில் விழுவதும் அங்கேதான். சிறகுகள் சாய்ந்து நிற்பதால் அவற்றில் உள்ள எழுத்து பக்கவாட்டில் குறுகித் தெரியும்.

அப்படிப்பட்ட இடத்தில் என்ன இருக்கிறது? ‘ஆவியாதல் என்றால் என்ன’ என்று நான்கு பத்தி, பக்கத்தில் இணையத்திலிருந்து எடுத்த நீர்ச்சுழற்சிப் படம். எந்தத் துணி சீக்கிரம் உலர்கிறது என்று ஒரு மாணவி ஐந்து வகைத் துணியை நனைத்து, ஒவ்வொன்றையும் மூன்று முறை எடைபார்த்து வரைந்த கிராஃப், வலது சிறகின் அடியில் உள்ளங்கை அளவில் கிடக்கிறது. நடுவருக்கு ஆவியாதல் தெரியும். தெரியாதது அந்த 15 அளவீடுகள்தான். அவற்றைக் குனிந்து தேட வைப்பது அந்த உழைப்புக்குச் செய்யும் அநியாயம். ஒவ்வொரு கண்காட்சியிலும் இதைக் காணும்போது மனம் பொறுக்கவில்லை.

இது அழகுணர்ச்சிக் குறைவால் வருவதில்லை, அவசரத்தால் வருகிறது. பலகை வாங்கிய முதல் வாரமே ஒட்டத் தொடங்கிவிடுகிறார்கள். அப்போது கையில் இருப்பது பாடப் பின்னணி மட்டும். சோதனை முடிந்து தரவு வரும்போது இடம் தீர்ந்திருக்கும். கிராஃபைச் சுருக்குகிறார்கள், அச்சில் உள்ள எண்கள் புள்ளிகளாகிவிடுகின்றன. கருதுகோளுக்கு மாறான விடை வந்துவிட்டதே என்று கூச்சப்பட்டு கிராஃபை ஓரம் தள்ளுபவர்களும் உண்டு. மாறான விடையும் விடைதான். அதையும் நடுவிலேயே வையுங்கள்.

கடைசி அளவீடு முடியும்வரை பலகையில் பசை படக் கூடாது. முதலில் கிராஃபை ஏ4 தாளில் முழு அளவில் அச்சிடுங்கள். படுக்கைவாட்டில் இரண்டு ஏ4 தாள்கள் சேர்ந்தால் 59.4 செ.மீ.; நடுப்பகுதி ஏறத்தாழ 61 செ.மீ. இரண்டு கிராஃப் பக்கத்துப் பக்கத்தில் அடங்கும். அவற்றைத் தலைப்புக்குக் கீழே, அதற்குக் கீழே அளவீட்டு அட்டவணையைச் சராசரியோடு வையுங்கள். இடது சிறகுக்குக் கேள்வி, கருதுகோள், பொருள்கள், செய்முறை. வலது சிறகுக்கு முடிவு, பிழை நேர்ந்திருக்கக்கூடிய இடங்கள், அடுத்துச் செய்ய வேண்டியது. பாடப் பின்னணிக்கு இடது சிறகில் ஐந்து வரி போதும், மீதி பதிவேட்டில் இருக்கட்டும்.

எல்லாவற்றையும் பசையில்லாமல் பரப்பி, ஒரு படம் எடுத்து, மூலைகளைப் பென்சிலால் குறித்த பிறகு ஒட்டுங்கள்.

பட்டை வரைபடத்தின் அடியை வெட்டுவது

மூன்று துணிகள் 18, 19, 20 நிமிடத்தில் உலர்ந்தன என்று வையுங்கள். செங்குத்து அச்சை 17-இல் தொடங்கினால் கடைசிப் பட்டை முதல் பட்டையைப் போல மூன்று மடங்கு உயரமாக நிற்கும். உண்மையான வித்தியாசம் ஒன்பதில் ஒரு பங்குதான். பட்டைகள் பூஜ்ஜியத்திலிருந்தே எழ வேண்டும். அச்சில் ‘நேரம்’ என்று மட்டும் எழுதாதீர்கள், நிமிடமா நொடியா என்பதும் வேண்டும்.

வெள்ளைப் பசை

அதில் உள்ள நீரைக் குடித்துத் தாளின் இழைகள் உப்புகின்றன; காயும்போது சீராகச் சுருங்காததால் தாள் அலையலையாக நிற்கும். இங்க்ஜெட் அச்சாக இருந்தால் மையும் கசியும். தாளின் நான்கு ஓரமும் இரட்டைப் பக்க டேப், அல்லது விளிம்புவரை தேய்த்த கம் ஸ்டிக் போதும். தெர்மாகோலில் கரைப்பான் கலந்த பசையோ ஸ்ப்ரேயோ பட்டால் அது உருகிக் குழிவிழும். வாங்குமுன் டப்பாவில் எழுதியிருப்பதைப் படியுங்கள்.

எழுத்தளவை எண்ணை நம்பித் தீர்மானிப்பது

உரைக்கு 18 புள்ளி, உள்தலைப்புக்கு 36 என்று தொடங்கலாம். ஆனால் தமிழ் எழுத்துருக்களில் ஒரே 18 ஒன்றில் பெரிதாகவும் மற்றொன்றில் சிறிதாகவும் வரும். ஒரு பக்கம் அச்சிட்டுச் சுவரில் ஒட்டி, ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று படியுங்கள். வரி இடைவெளியை 1.3 மடங்காவது வையுங்கள், இல்லாவிட்டால் மேல்வரியின் கூ, மூ கீழ்வரியின் கி, மீ மேல் இடிக்கும்.

பளபளக்கும் லேமினேஷன்

வேண்டாம். மேல்விளக்கு பட்டால் எழுத்து மறையும்.

அடிப்பகுதி 15 செ.மீ.

பதிவேடும் மாதிரியும் மறைத்துக்கொள்ளும். அங்கே முக்கியமான எதையும் ஒட்டாதீர்கள்.

சிவப்புக் கோடும் பச்சைக் கோடும்

நிறக்குருடு உள்ளவருக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியலாம். நீலமும் ஆரஞ்சும் எடுங்கள், ஒரு கோட்டைப் புள்ளிக்கோடாகவும் போடுங்கள்.

விதிமுறையைக் கடைசி இரவில் படிப்பது

ஐசெஃப் எனப்படும் சர்வதேசப் போட்டியில் அகலம் 122 செ.மீ., ஆழம் 76 செ.மீ. தாண்டக் கூடாது, உயிரினம், மண், வேதிப்பொருள் எதையும் காட்சிக்கு வைக்க முடியாது. உங்கள் கண்காட்சியிலும் இப்படி விதி இருக்கலாம். முளைவிட்ட விதையைத் தொட்டியோடு காட்டலாம் என்று நம்பியிருந்தால் அன்று காட்ட ஒன்றும் இருக்காது. சோதனையின் முதல் நாளிலிருந்தே, தினமும் ஒரே நேரத்தில், பக்கத்தில் அளவுகோல் வைத்து ஒரு படம் எடுத்து வாருங்கள்.