உடற்பயிற்சி அறைக்கு மலிவான ஸ்பீக்கர்: திருகோணமலை வீடுகளுக்கான ஒரு வழிகாட்டி

ஸ்பீக்கர் வாங்கக் கடைக்குப் புறப்படுமுன், பயிற்சி செய்யப்போகும் அறையில் மின்விசிறியை முழு வேகத்தில் சுழலவிட்டு, கைத்தொலைபேசியில் ஒரு பயிற்சிக் காணொளியைப் போட்டுக் கேட்டுப் பாருங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மின்விசிறி இல்லாமல் நம்மூரில் பத்து நிமிடங்கூடப் பயிற்சி செய்ய முடியாது. ஆகவே அந்த இரைச்சலையும் தாண்டிப் பயிற்றுநரின் குரல் தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதே முதல் தேவை. நெஞ்சை அதிரவைக்கும் பேஸ் எனும் தாழ்ந்த ஒலி அதற்குப் பிறகுதான்.

பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும் வாற்று எண்ணை நம்பிப் பணம் கொடுக்கக் கூடாது. பி.எம்.பி.ஓ. என்ற பெயரில் ஆயிரக்கணக்கில் காட்டப்படும் எண் விளம்பரத்துக்கானது. தொடர்ந்து தாங்கக்கூடிய வலுவைச் சொல்வது ஆர்.எம்.எஸ். எண்ணே. அதைவிடவும் பயனுள்ளது, ஒரு வாற்று கொடுத்து ஒரு மீற்றர் தூரத்தில் நின்று அளந்தால் எத்தனை டெசிபெல் வரும் என்பதைக் குறிக்கும் உணர்திறன் எண். வலுவை இரு மடங்காக்கினால் ஒலி 3 டெசிபெல் மட்டுமே கூடும் என்பதால், 88 டெசிபெல் உணர்திறனுள்ள ஸ்பீக்கர் 10 வாற்றில் தரும் ஒலியை 85 டெசிபெல் ஸ்பீக்கரிலிருந்து பெற 20 வாற்று வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்கு, உணர்திறன் நன்றாக இருந்தால், இடம், வலம் என ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் 10 முதல் 20 வாற்று ஆர்.எம்.எஸ். தாராளமாகப் போதும்.

அடுத்தது புளூடூத். பாட்டு மட்டும் கேட்பதென்றால் அதில் குறையில்லை. ஆனால் சாதாரண புளூடூத் ஒலி ஒரு வினாடியின் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குப் பிந்தி வரக்கூடும். அந்தத் தாமதத்தை ஈடுசெய்யாத கருவியில் காணொளியைப் பார்த்து ஆடும் ஏரோபிக்ஸ் போன்ற பயிற்சியில், காலும் தாளமும் ஒன்று சேராமல் எரிச்சலூட்டும். கம்பி பொருத்தும் ஆக்ஸ் துளை உள்ள ஸ்பீக்கரைத் தெரிவு செய்தால் இந்தச் சிக்கலே இல்லை.

இனி, நம்மூருக்கே உரிய எதிரியான உப்புக்காற்று. உப்புவெளியிலோ டச்சுக்குடாப் பக்கமோ வீடுள்ளவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. யன்னல் கம்பி என்ன பாடுபடுகிறது என்று அவர்களுக்குத் தெரியும். நான் முதலில் வாங்கிய, விளக்கெல்லாம் மின்னும் பெரிய பெட்டியின் இரும்பு வலை இரண்டாவது மாரிக்குள் துருப்பிடித்தது. சார்ஜ் செய்யும் துளை பச்சை பூத்துப் போனது. ஐ.பி.எக்ஸ்.4 என்ற குறியீடு தண்ணீர் தெறித்தால் தாங்கும் என்பதை மட்டுமே சொல்கிறது. அந்தச் சோதனை நன்னீரில் நடப்பது. உப்பு அரிப்பைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. எனவே இரும்பு வலைக்குப் பதிலாகத் துணியோ பிளாஸ்டிக்கோ முன்மூடியாக உள்ளதையும், அதிர்ந்து ஒலி எழுப்பும் கூம்பைச் சுற்றியுள்ள விளிம்பு நுரையால் அன்றி ரப்பரால் ஆனதையும் தேடுங்கள். நுரை விளிம்பு ஈரத்திலும் வெப்பத்திலும் சில ஆண்டுகளில் உதிர்ந்துவிடும். மரத்தூள் பலகைப் பெட்டியாயின், பின்புறமும் அடிப்புறமும் பூச்சு முழுமையாக உள்ளதா என்று தடவிப் பார்க்க வேண்டும். பூச்சில்லாத ஓரத்தால் ஈரம் ஏறிப் பலகை ஊதும்.

உண்மையில் மலிவான வழி பலருடைய வீட்டிலேயே இருக்கிறது. பழுதான பழைய கசற் அல்லது சீடி செற்றின் இரண்டு ஸ்பீக்கர்களும் பெரும்பாலும் நல்ல நிலையிலேயே அலுமாரிக்கு மேல் தூசி படிந்து கிடக்கும். பின்புறத்தில் 6 ஓம், 8 ஓம் என்று மின்தடை எழுதியிருப்பதைப் பார்த்து, அதைத் தாங்கும் சிறிய அம்பிளிபயர் (ஒலிபெருக்கும் கருவி) ஒன்றை மட்டும் வாங்கினால் செலவு வெகுவாகக் குறையும். பாவித்த ஸ்பீக்கரை வெளியில் வாங்குவதாயின், கூம்பின் நடுவை இரு விரல்களால் மெதுவாக, சமமாக அழுத்திப் பாருங்கள். உரசும் சத்தம் வந்தால் விட்டுவிடலாம்.

வாங்கியதை எங்கே வைப்பது என்பதில் பலர் தவறுகிறார்கள். சீமெந்துச் சுவரின் மூலையில் வைத்தால் பேஸ் வீங்கிக் குரலை மூடிவிடும். பத்தடி நீள அறை இயல்பாகவே 56 ஹேர்ட்ஸ் அளவிலான தாழ்ந்த ஒலியில் முழங்கும், மூலை அதை இன்னும் கூட்டும். மூலையிலிருந்து இரண்டடி தள்ளி, காதின் உயரத்துக்கு ஒரு தட்டில் வைத்து, அடியில் பழைய ரப்பர் செருப்பை வெட்டி நான்கு துண்டுகளாகக் கொடுத்தால் தட்டும் தகரக் கூரையும் அதிர்வது குறையும். தரையில் விரித்த பன்பாயும் எதிர்ச்சுவரில் தொங்கும் தடித்த திரைச்சீலையும் எதிரொலியைத் தணிக்கும். பன்பாய் பெரிய அதிசயம் எதுவும் செய்யாது, ஆனால் காசில்லை.

ஒலியைக் கூட்டும்போது செவியையும் நினைக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலின்படி 80 டெசிபெல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம்; 90 டெசிபெலாயின் 4 மணி நேரம்தான். அதிகாலை ஐந்து மணிக்குப் பயிற்சி தொடங்குபவர்கள் அயல் வீட்டுச் சுவரிலிருந்து பெட்டியைத் தள்ளி வைப்பதும் நல்லது.

பணம் கொடுக்குமுன் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி, உத்தரவாதம் எத்தனை மாதம் என்பதைவிட, பழுதானால் இங்கேயே திருத்துவார்களா, கொழும்புக்கு அனுப்ப வேண்டுமா, அனுப்பும் செலவு யாருடையது என்பதுதான். பதிலைப் பற்றுச்சீட்டின் பின்புறத்தில் எழுதி வாங்கிக்கொண்டு, முதல் வாரத்திலேயே மின்விசிறியைச் சுழலவிட்டு, மெல்லிய ஒலியிலும் உரத்த ஒலியிலும் ஒரு முழுப் பயிற்சி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள்.