டிப்பரில் லோடு ஏற்றும்போது தவிர்க்க வேண்டிய எடைத் தவறுகள்

10 சக்கர டிப்பரின் பாடியை விளிம்பு வரை எம்-சாண்ட் (பாறையை உடைத்துச் செய்யும் மணல்) போட்டு நிரப்பினால் அது ஓவர்லோடு. கூம்பாகக் குவிக்காமல் மட்டமாகத் தட்டிவிட்டாலும் ஓவர்லோடுதான். இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. “கம்பெனியே இவ்வளவு பெரிய பாடி வைத்துக் கொடுத்திருக்கிறான், அதை நிரப்பினால் தப்பா?” என்று கேட்பார்கள். தப்புதான். லோடு விஷயத்தில் நடக்கும் தவறுகள் பலவும் இந்த ஒரு நம்பிக்கையிலிருந்துதான் கிளம்புகின்றன.

கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். மணல், ஜல்லி, கிராவல் எல்லாவற்றையும் நாம் யூனிட்டில் பேசுகிறோம். ஒரு யூனிட் 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். அது கொள்ளளவு. சட்டம் பார்ப்பதோ எடையை. ஒரு யூனிட் எம்-சாண்ட் சுமார் நாலரை டன் வரும். 10 சக்கர டிப்பருக்கு இப்போது பெரும்பாலான ஆர்.சி.யில், அதாவது பதிவுச் சான்றில், இருக்கும் மொத்த எடை (வண்டியும் சரக்கும் சேர்த்து) 28 டன். வண்டி, பாடி, ஜாக்கி, ஸ்டெப்னி, டீசல் எல்லாம் சேர்த்து 11 டன் என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 17 டன். அதை நாலரையால் வகுத்தால் நாலு யூனிட்கூட முழுசாக வராது. ஆனால் அதே வண்டியின் பாடி ஐந்து யூனிட்டுக்கு மேல் பிடிக்கும். பக்கப் பலகை வைத்து உயர்த்தினால் ஆறு யூனிட்.

ஆறு யூனிட் ஏற்றினால் சரக்கு மட்டும் 27 டன், வண்டியோடு 38 டன். வரம்பைவிட 10 டன் அதிகம். தினமும் எத்தனையோ வண்டிகள் இந்த எடையோடுதான் ஓடுகின்றன என்பதால் இது சாதாரணமாகத் தெரிகிறது. அவ்வளவுதான்.

அப்படியானால் பாடி ஏன் பெரிதாக இருக்கிறது? டிப்பர் மணலுக்கும் ஜல்லிக்கும் மட்டும் செய்யப்பட்டதில்லை. நிலக்கரி, சாம்பல் போன்றவை ஒரு கன மீட்டருக்கு ஒரு டன்கூட வராது. அவற்றுக்கு 16 கன மீட்டர் பாடி சரியாக இருக்கும். எம்-சாண்ட் ஒரு கன மீட்டர் 1.6 டன். அதற்கு அந்தப் பாடியில் மூன்றில் ஒரு பங்கு காலியாகத்தான் இருக்க வேண்டும். பாடியின் அளவு எந்தச் சரக்குக்கும் அனுமதிச் சீட்டு ஆகாது.

ஈரம் இன்னொரு குழப்பம். கிரஷரில் கழுவி எடுத்த எம்-சாண்ட் ஈரமாகத்தான் வரும். லேசான ஈரத்தில் மணல் உப்பும், அதனால் அளவு கூடினாலும் யூனிட்டுக்கு எடை அவ்வளவாகக் கூடாது. முழுக்க நனைந்துவிட்டால் உப்பல் அடங்கி, இடைவெளியெல்லாம் தண்ணீர் நிரம்பி, யூனிட் 5 டன்னைத் தாண்டிவிடும். காய்ந்த சரக்கு, லேசான ஈரம், மழையில் ஊறியது என்று ஒரே பாடிக்கு மூன்று எடை. கண்ணால் பார்த்து எடை சொல்லும் அனுபவசாலிகளும் தவறுவது இந்த இடத்தில்தான். மழை நாளில் வழக்கமான குறிக்கு ஏற்றினால், வழக்கத்தைவிட ஒன்றிரண்டு டன் கூடுதலாக ஏற்றிக்கொண்டு கிளம்புகிறீர்கள்.

ஆர்.சி.யைப் பார்க்காமல் பேச்சை நம்புவது

“10 சக்கரத்துக்கு 28 டன்னாம், 12 சக்கரத்துக்கு 35 டன்னாம்” என்று காதில் விழுந்ததை வைத்தே ஏற்றுகிறவர்கள் உண்டு. அந்த எண்கள் பொதுவாகச் சரிதான். ஆனால் உங்கள் வண்டிக்கு எது பொருந்தும் என்பதை உங்கள் ஆர்.சி. மட்டும்தான் சொல்லும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 113-ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் குறித்த மொத்த எடைக்கு மேல் ஏற்றிய வண்டியை ஓட்டக்கூடாது, ஓட்டவைக்கவும் கூடாது, ஓட்ட அனுமதிக்கவும் கூடாது என்கிறது.

2018 ஜூலை 16 அன்று மத்திய அரசு அச்சு (ஆக்சில்) எடை வரம்புகளை உயர்த்தியது. நான்கு டயர் உள்ள ஒற்றை அச்சுக்கு 10.2 டன்னாக இருந்தது 11.5 டன் ஆனது. பின்னால் இரண்டு அச்சு சேர்ந்தாற்போல் இருந்தால் 19 டன்னிலிருந்து 21 டன். அதற்கு முன்பு 6 சக்கர வண்டிக்கு 16.2 டன், 10 சக்கரத்துக்கு 25 டன், 12 சக்கரத்துக்கு 31 டன் என்று இருந்தது. பழைய வண்டியை செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்கள் இங்கே நன்றாகக் கவனிக்க வேண்டும். ஆர்.சி.யில் இன்னும் 25,000 கிலோ என்று இருந்தால் அந்த வண்டிக்கு 25 டன்தான். பக்கத்தில் நிற்கும் புது வண்டி 28 டன் ஏற்றுவது உங்களுக்குச் சாட்சி ஆகாது. கூடவே வெற்று எடையையும் பாருங்கள். கனத் தகட்டில் புதிதாகப் பாடி கட்டியிருந்தால் ஆர்.சி.யில் உள்ள வெற்று எடையும் உண்மையான வெற்று எடையும் ஒத்துப்போகாது. கூடிய எடையெல்லாம் நீங்கள் ஏற்றக்கூடிய சரக்கிலிருந்துதான் கழியும்.

மொத்த எடை சரி, அச்சு எடை?

எடைச் சீட்டில் 27.8 டன் வந்ததும் நிம்மதியாகிவிடுகிறோம். ஆனால் பொக்லைன்காரர் அவசரத்தில் சரக்கையெல்லாம் பாடியின் பின்பக்கத்திலேயே கொட்டியிருந்தால் பின் அச்சுகள் 21 டன்னைத் தாண்டியிருக்கும், முன் அச்சு லேசாகியிருக்கும். முன்பக்கம் லேசான வண்டியில் ஸ்டியரிங் பிடிப்பு குறையும். மேட்டில் ஏறும்போது ஓட்டுநருக்கு அது கையிலேயே தெரியும்.

டயரின் பக்கவாட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை குனிந்து பாருங்கள். தாங்கும் எடைக்கான குறியீடு 146/143 என்று இருந்தால், இரட்டையாக மாட்டும்போது அந்த டயர் ஒன்று தாங்கக்கூடியது 2,725 கிலோ. பின்னால் எட்டு டயர், மொத்தம் 21.8 டன். பின் அச்சுகள் இரண்டுக்கும் சேர்த்து 21 டன் என்று சட்டம் சொல்வதும் டயர் தாங்குவதும் எவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன பாருங்கள். 38 டன் வண்டியில் பின் அச்சுகள் மேல் 30 டன் உட்கார்ந்திருக்கும். டயர் ஒன்றுக்கு 3,750 கிலோ. கோடை வெயிலில் தார்ச் சாலையில் அந்த டயர் வெடிப்பதற்கு ஆணி எதுவும் தேவையில்லை. ஒன்று வெடித்ததும் அதன் ஜோடி டயர் ஏழரை டன்னைத் தனியாகச் சுமக்க வேண்டும்.

பிரேக்கும் இதே கதைதான். 28 டன்னுக்கு வடிவமைத்த பிரேக், 38 டன் வண்டியை அதே வேகத்திலிருந்து நிறுத்த மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல் சூட்டை உள்வாங்க வேண்டும். தொப்பூர் கணவாய் போன்ற நீண்ட இறக்கத்தில் டிரம் சூடேறிப் பிடிப்பு விட்டுப்போனால், அதற்கு முன்னால் போகும் காரில் இருப்பவர்களுக்கு இந்த யூனிட் கணக்கோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. எனக்கு அபராதத்தைவிட இதுதான் பெரிய விஷயம்.

எடைமேடையில் செய்யும் தவறுகள்

பழைய வெற்று எடைச் சீட்டையே மாதக்கணக்கில் பயன்படுத்துவது மிகவும் பரவலான தவறு. அந்தச் சீட்டு எடுத்த நாளில் டேங்கில் எவ்வளவு டீசல் இருந்தது? 300 லிட்டர் டீசல் கிட்டத்தட்ட 250 கிலோ. செம்மண் அடித்த வண்டியில் பாடியின் மூலைகளிலும் தரையிலும் ஈர மண் பாளமாக ஒட்டிக்கொண்டிருக்கும். வாரக்கணக்கில் சுரண்டாமல் விட்டால் அரை டன்வரை நிரந்தரமாக ஊர்சுற்றும். அது சரக்கும் இல்லை, அதற்கு வாடகையும் இல்லை. ஆனால் எடையில் சேரும்.

இரண்டாவது, லோடு ஏற்றிய இடத்திலேயே எடை போடாமல் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போய்ப் போடுவது. அங்கே அதிகம் என்று தெரிந்தாலும் இறக்குவதற்கு இடம் இருக்காது. “இவ்வளவு தூரம் வந்தாச்சு, போயிடலாம்” என்றுதான் மனசு சொல்லும். கிரஷர் வளாகத்துக்குள்ளேயே எடை போட்டால், அதிகமானதைப் பின்னால் நிற்கும் குவியலிலேயே தட்டிவிட்டுக் கிளம்பலாம். சென்னைக்குப் பக்கத்தில் எருமையூரில் ஏற்றினாலும் சரி, கன்னியாகுமரி வழியாகக் கேரளத்துக்குப் போனாலும் சரி, இந்த ஒரு பழக்கம் பல சிக்கல்களை அங்கேயே முடித்துவிடும்.

நடைச்சீட்டையும் (கனிமத்தைக் கொண்டுபோவதற்கான அனுமதிச் சீட்டு) எடைச் சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் கிளம்புவதும் ஆபத்து. நடைச்சீட்டில் ஒரு அளவு, வண்டியில் வேறு அளவு என்றால் பிரச்சினை ஆர்.டி.ஓ. அலுவலகத்தோடு நிற்காது. அனுமதியில்லாத கனிமத்தைக் கொண்டுபோனதாகக் கனிமவளத் துறையின் பக்கம் வழக்கு திரும்பும். கனிமங்கள் சட்டத்தின் 21-ஆவது பிரிவில் வண்டியையே பறிமுதல் செய்ய வழி இருக்கிறது.

பிடித்தால் கட்டிவிட்டுப் போகலாம் என்ற நினைப்பு

2019 செப்டம்பர் 1-க்கு முன்பு சட்டத்தில் இருந்த அபராதம் 2,000 ரூபாய், கூடுதல் டன் ஒன்றுக்கு 1,000 ரூபாய். அந்தக் காலத்துக் கணக்கை மனதில் வைத்தே இன்னும் பலர் பேசுகிறார்கள். இப்போது 194-ஆவது பிரிவின்படி அடிப்படை 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதல் டன்னுக்கு 2,000 ரூபாய். நம் 38 டன் வண்டிக்குப் போட்டுப் பாருங்கள்: 20,000, அதோடு பத்து டன்னுக்கு 20,000, ஆக 40,000 ரூபாய். இறக்குகூலியும் உங்கள் தலையில்தான்.

எடை போட மறுத்தாலும், போட வரச்சொல்லும்போது நிறுத்தாமல் ஓட்டினாலும் அதற்கே தனியாக 40,000. முன்னே போகும் வழியில் 10 கிலோமீட்டருக்குள் எடைமேடை இருந்தால் அங்கே வரச்சொல்ல அதிகாரிக்கு 114-ஆவது பிரிவு உரிமை தருகிறது. “பக்கத்தில் மேடை இல்லையே சார்” என்பது எடுபடாது.

பணத்தைக் கட்டிவிட்டால் அதே லோடோடு போகலாம் என்பது இன்னும் பெரிய தவறு. ஒருகாலத்தில் பல மாநிலங்களில் அப்படித்தான் நடந்தது. 2005-இல் பரம்ஜித் பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாக மறுத்துவிட்டது. கூடுதல் எடையை இறக்காமல் வண்டி நகரக்கூடாது என்று இப்போது சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. இறக்கிவைத்த சரக்குக்கு யாரும் காவல் இருக்க மாட்டார்கள், அது உங்கள் பொறுப்பு. நடு வழியில் பத்து டன் எம்-சாண்டை இறக்கிவிட்டு, அதை எடுத்துவர இன்னொரு வண்டி தேடுவதற்கு ஆகும் செலவை யாரும் முன்கூட்டிக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஓட்டுநரின் உரிமத்தையும் தற்காலிகமாக முடக்கலாம். விபத்து நடந்து ஓவர்லோடு என்று தெரிந்தால், சொந்தச் சேதத்துக்கான காப்பீட்டுத் தொகையில் 75 சதவீதத்துக்கு மேல் தராமல் முடிக்கும் நடைமுறையும் இருக்கிறது.

குற்றத்தை ஓட்டுநர் மேல் போட்டுவிடுவது

முதலாளி வண்டியில் இல்லை, ஓட்டுநர்தான் ஏற்றினார் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. ஓட்டுநர் ஓட்டிவந்த வண்டியில் அதிக எடை இருந்தால், உரிமையாளருக்குத் தெரிந்தே அல்லது அவர் சொல்லித்தான் நடந்தது என்று நீதிமன்றம் ஊகித்துக்கொள்ளலாம் என 113-ஆவது பிரிவே சொல்கிறது. உண்மையும் பெரும்பாலும் அதுதான். நடைக்கு இவ்வளவு என்று படி வாங்கும் ஓட்டுநரால் “நாலு யூனிட் போதும்” என்று தானாக முடிவெடுக்க முடியாது. மறுத்தால் மறுநாள் சாவி வேறொருவர் கையில் இருக்கும்.

வீடு கட்டுகிறவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. “ஒரு லோடு எவ்வளவு?” என்று கேட்டு, எவன் ஒரே நடையில் ஆறு யூனிட் கொண்டுவருகிறானோ அவனுக்கே ஆர்டர் கொடுக்கிறோம். சட்டப்படி நாலு யூனிட்டுக்கும் குறைவாக ஏற்றுகிறவர் அந்த விலைக்கு வர முடியாது, சந்தையை விட்டே போய்விடுகிறார். விலையை டன் கணக்கில் பேசி, எடைச் சீட்டைப் பார்த்துப் பணம் கொடுத்தால் இந்தப் போட்டியே குறையும். யூனிட்டில் நடக்கும் அளவுக் குறைப்பும் கூடவே வெளிப்பட்டுவிடும்.

கடைசி இரண்டு கிலோமீட்டரில் வேறொரு தவறு காத்திருக்கிறது. நெடுஞ்சாலைக்கு ஏற்ற எடை கிராமச் சாலைக்கும் சிறு பாலத்துக்கும் பொருந்தும் என்று நினைப்பது. 115-ஆவது பிரிவின்படி குறிப்பிட்ட சாலையிலோ பாலத்திலோ குறைவான வரம்பு வைக்க அரசுக்கு அதிகாரம் இருக்கிறது. பாலத்தின் முகப்பில் எடைப் பலகை இருந்தால் அதுதான் அங்கே சட்டம். சாலைக்கு ஆகும் சேதமும் எடைக்கு நேர்விகிதத்தில் கூடுவதில்லை. 1958-60-இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நடந்த சாலைச் சோதனையிலிருந்து பொறியாளர்கள் வைத்திருக்கும் கணக்குப்படி, அச்சு எடை ஒன்றரை மடங்கானால் சேதம் ஏறக்குறைய ஐந்து மடங்கு.

பாடிக்குள் கோடு போடுங்கள்

இதற்கெல்லாம் செலவில்லாத ஒரு வழி இருக்கிறது. பாடியின் உள்நீளம் 17 அடி, அகலம் ஏழரை அடி என்றால் தரைப் பரப்பு 127.5 சதுர அடி. எம்-சாண்ட் 17 டன் என்பது சுமார் 378 கன அடி. வகுத்தால் உயரம் மூன்றடிக்குக் கொஞ்சம் குறைவு. பாடியின் நான்கு பக்கமும் உள்ளே அந்த உயரத்தில் பெயின்டில் ஒரு கோடு. ஜல்லி சற்று லேசு என்பதால் அதற்கு வேறு நிறத்தில் ஒரு கோடு. முதல் இரண்டு மூன்று நடை எடைமேடையில் போட்டுப் பார்த்துக் கோட்டை ஏற்றியோ இறக்கியோ சரிசெய்துகொள்ளுங்கள். மழைக்காலத்தில் கோட்டுக்கு அரையடி கீழேயே நிறுத்தச் சொல்லுங்கள். பொக்லைனில் உட்கார்ந்திருப்பவருக்கு ஆர்.சி. தெரியாது. மேலிருந்து பார்த்தால் அந்தக் கோடு அவருக்கு நன்றாகத் தெரியும்.